ஒன்பதாம் பாத்தி

ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் மாரீஸ்வரிக்குக் கனவில் பண்ணைதான் வந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்குச் செத்துப்போன சொந்தக்காரர்கள் வருவார்கள், சாமி வரும். அவளுக்கு விதை உலர்த்தும் பெட்டி வந்தது. அதன் கதவு லேசில் சாத்தாது. இடுப்பால் ஓர் இடி இடிக்க வேண்டும். பாளையம்பட்டி வீட்டில் காலையில் எழுந்திருக்கும்போது சில நாள் நிஜமாகவே இடுப்பு வலித்தது. கனவில் இடித்ததற்கு வலிக்குமா என்று டாக்டரிடம் கேட்கலாம்தான். கேட்டால் அவர் ஸ்கேனை இடுப்புக்கு எழுதுவதா மண்டைக்கு எழுதுவதா என்று குழம்புவார் என்று விட்டுவிட்டாள்.

ஏங்குவதற்கு அந்த இடத்துக்கு ஒரு யோக்கியதை இருக்க வேண்டாமா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்வதும் உண்டு. திருச்சுழி ரோட்டில் பண்ணை விலக்கில் இறங்கி ஒரு மைல் நடந்தால் வரும் மானாவாரி ஆராய்ச்சிப் பண்ணை அது. முப்பத்து மூன்று வருஷம் அங்கே ஆராய்ச்சி உதவியாளராக இருந்தாள். விவசாயத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, திருச்சுழிப் பக்கத்துக் காலனித் தெருவிலிருந்து அந்தப் பண்ணைக்குள் போன முதல் ஆள். படித்துவிட்டுப் போன முதல் ஆள் என்று சொல்ல வேண்டும். களை வெட்டப் போனவர்கள் அதற்கு முன்பே நிறையப் பேர். ஆபீசில் அதிகாரிகளுக்கெல்லாம் பொதுவாக ஆறு எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன. அவளுக்கு மட்டும் ஜன்னல் திட்டில் தனியாக ஒரு கண்ணாடி கிளாஸ். தலைமை அதிகாரிக்கே சொந்தமாக டம்ளர் கிடையாது, எனக்கு இருக்கிறது பார் என்று ஒருமுறை அண்ணனிடம் சொல்லிச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவளாலும் அந்தச் சிரிப்பை ரொம்ப நேரம் இழுத்துக்கொண்டு போக முடியவில்லை.

அப்படிப்பட்ட இடத்தைத்தான் மனசு தேடியது. மார்கழிக் காலையில் குதிரைவாலிக் கதிர்களின் மேல் பனி கோத்துக்கொண்டு நிற்பது. பண்ணையாள் மொக்கையன் காளைகளைப் பெயர் சொல்லித் திட்டியபடி வருவது. விதையை எடை போடும்போது தராசு முள் நடுங்கி நடுங்கிக் கடைசியில் ஒரு கோட்டில் வந்து நிற்கும் அந்த நிமிஷம். அதெல்லாம் அவளுடையது. அதற்கு யாரும் தனி கிளாஸ் வைக்கவில்லை.

ஆவணிக் கடைசியில் பண்ணையிலிருந்து போன் வந்தது. பேசியவர் அரவிந்த்குமார், இப்போதைய தலைமை அதிகாரி. அருப்புக்கோட்டையில் தறிக்கார வீட்டுப் பிள்ளை, நாற்பத்தைந்து வயதிருக்கும், பண்ணைக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகிறது. வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். பென்ஷன் காகிதத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

வந்தவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்த கையோடு, அவர் அதைக் குடிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். இத்தனை வயசுக்குப் பிறகும் போகாத பழக்கம். அவர் பாட்டுக்குக் குடித்தார். பேச்சு நடுவில் இன்னும் கொஞ்சம் இருக்குமா என்றும் கேட்டார். மாரீஸ்வரிக்குத் தன் கண்மேல்தான் கோபம் வந்தது.

விஷயம் பென்ஷன் இல்லை, குதிரைவாலி. பண்ணை வெளியிட்ட ரகங்களிலேயே பேர் வாங்கியது ஒன்றுதான். இந்தப் பக்கத்து விவசாயிகளான சம்சாரிகள் அதை வெறுமனே 'முப்பத்திரண்டு' என்பார்கள். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் மழை ஏமாற்றும் வருஷத்திலும் நாலு மூட்டை தராமல் போகாத ரகம். அந்த முப்பத்திரண்டு இப்போது நாலு வருஷமாக முன்னைப்போல இல்லை. கதிர் பிடிக்கும் நேரத்தில் ரெண்டு வாரம் மழை தள்ளினால் கருகிவிடுகிறது. சம்சாரிகள் பண்ணை வாசலுக்கே வந்து, பழைய முப்பத்திரண்டைக் கொடுங்கள் என்கிறார்கள். அரவிந்த்குமார் பதிவேடுகளையெல்லாம் புரட்டிவிட்டார். தாய் விதை இருக்கும் டின்னில் 32 என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கிறது. அதிலிருந்து எடுத்துத்தான், விதிப்படி, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெருக்குகிறார்கள். எங்கேயும் பிசகு இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவர் கண்ணில் பட்டது. மாரீஸ்வரி இருந்தவரை ரகம் நன்றாக இருந்தது, அவள் போன பிறகு கெட்டது.

"நீங்க என்னமோ செஞ்சிருக்கீங்க மேடம். என்னன்னு சொன்னா புண்ணியமாப் போகும்" என்றார்.

மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்க நேரமானது. அடங்கியதும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, எண்பத்தாறாம் வருஷத்துப் புரட்டாசியைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த வருஷம் நாற்பது குதிரைவாலிச் செலக்ஷன்கள். நாற்பதும் ரெண்டு வருஷமாகச் சம்சாரிகளின் காடுகாடாக அவள் அலைந்து பொறுக்கிய கதிர்கள். கிழக்கு மேற்காக ஒரே நீளத் துண்டில் நாற்பது பாத்திகள், பாத்திக்கு ஒரு செலக்ஷன். விதைப்பு அன்று காலையில் கிழக்குக் கடைசியில் பூசை. விஞ்ஞானிகள்தான், ஆனாலும் சூடம் காட்டாமல், கைராசிக்காரர் ஒருவர் முதல் பிடி தூவாமல் விதைக்க மாட்டார்கள். கைராசிக்காக ஆபீஸ் கணக்கரின் சம்சாரத்தை ஜீப்பில் கூட்டி வந்திருந்தார்கள். அப்போதைய தலைமை அதிகாரி, எல்லோரும் பெரியசார் என்று கூப்பிடுகிறவர், மாரீஸ்வரியைப் பார்த்து, பூசை முடிகிறவரை நீ கொஞ்சம் அங்கிட்டுப் போய் நில்லு என்றார். அங்கிட்டு என்றால் எவ்வளவு தூரம் என்று அவர் சொல்லவில்லை. மாரீஸ்வரி ரோஷத்தில் நாற்பது பாத்தியும் தாண்டி மேற்குக் கடைசிக்கே போய்விட்டாள். விதைப் பொட்டலங்கள் நாற்பதும் அவள் தோள்பையில்தான் இருந்தன. கிழக்கே கைராசிக்காரம்மா தூவியது கடையில் வாங்கிய யாரோ பெற்ற விதை.

பூசை முடிந்தது. சுண்டல் கொடுத்தார்கள். மேற்குக் கடைசிவரை சுண்டல் வரவில்லை. வெயில் ஏற ஏற ஜீப் கிளம்பிவிட்டது. மொக்கையன் காளைகளை ஓட்டிக்கொண்டு வந்து, எங்கிருந்து ஏர் பிடிக்கட்டும் என்று கேட்டான். நின்ற இடத்திலிருந்தே பிடியுங்கள் என்றாள். ஒன்றாம் பொட்டலத்தை அங்கே பிரித்தாள். அப்படித்தான் அந்த வருஷம் பாத்தி எண் மேற்கிலிருந்து தொடங்கியது. களப் புத்தகத்தில் முதல் வரியாக அதை எழுதியும் வைத்தாள்.

கார்த்திகையோடு மழை நின்றது. முப்பத்தொன்பது பாத்தி சுருண்டு படுத்துவிட்டது. ஒன்று மட்டும் பச்சையாக நின்றது, மேற்கிலிருந்து ஒன்பதாவது. அந்தப் பாத்தி ஓரத்தில் அவள் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். மொக்கையன் வந்து, என்ன ஆபீசரம்மா, வெயில் தாக்கிருச்சா என்று கேட்டான். அவளை ஆபீசர் என்று சொல்லிய ஒரே ஆள் அவன்தான். அதிலும் பாதி கிண்டல்.

பெரியசார் மேலதிகாரிகளோடு பார்க்க வந்தார். பாத்தி முளைக்குச்சிகளை யாரோ அடுப்பெரிக்கப் பிடுங்கிப்போயிருந்தார்கள். அவர் பூசை போட்ட மூலையிலிருந்து விரல் விட்டு எண்ணினார். முப்பத்திரண்டு வந்தது. வந்தவர்களிடம் அதையே சொன்னார். மறுநாள் மாரீஸ்வரி களப் புத்தகத்தை எடுத்துப்போய், சார், அது ஒன்பது என்றாள். அவர் புத்தகத்தை வாங்கி ஒன்பதைச் சிவப்பு மையால் அடித்து முப்பத்திரண்டு என்று எழுதினார்.

"பூசை போட்ட எடந்தான ஒண்ணு? அங்கிட்டுக் கடைசியில நின்னவளுக்கு ஒண்ணு எதுன்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. கணக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி.

ரகம் தொண்ணூற்றொன்றில் வெளியானது. அறிக்கையில் மூன்று பேர் பெயர். மூன்றாமவர் அந்த வருஷம் முழுக்க மஞ்சள் காமாலையில் விடுப்பில் இருந்தவர். நன்றி என்ற தலைப்பில் டைப் அடித்தவர் பெயர் இருந்தது, ஜீப் ஓட்டியவர் பெயர் இருந்தது. மாரீஸ்வரி மூன்று தடவை படித்தாள். அச்சுப்பிழையாக இருக்குமோ என்று நாலாவது தடவையும் படித்தாள்.

"அப்ப டின்னுல இருக்கிறது?" என்றார் அரவிந்த்குமார்.

அது நிஜ முப்பத்திரண்டாம் பொட்டலத்தில் மிஞ்சிய விதை, ஒன்றுக்கும் உதவாதது என்றாள். ஒன்பதாம் பாத்தி விதையை அவள் வேறொரு டின்னில் போட்டு வைத்தாள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெருக்கும்போது, யாருக்கும் சொல்லாமல் அதிலிருந்து எடுத்து விதைத்தாள். சிவப்புப் பெயின்ட் டின்னில் இருந்ததையும் சீராகப் புதுப்பித்து வைத்தாள், புத்தகத்தில் இருந்ததால். ஓய்வு பெறும்போது பொறுப்பேற்றவரிடம் சொன்னாள். புக்கில் இருக்கிறபடி செய்துகொள்கிறோம் என்றார். ஒன்பதாம் டின் எந்தப் புக்கிலும் இல்லாததால் குப்பைக்குப் போனது. குப்பையிலிருந்து அதை மொக்கையன் எடுத்து வந்து கொடுத்தான். அதற்கப்புறம் திருச்சுழியில் அண்ணன் காட்டில் மூணு சென்ட்டில் அதை விதைத்து, அறுத்து, காப்பாற்றி வருகிறாள். இதோ இந்த அலமாரியில்தான் இருக்கிறது.

அரவிந்த்குமார் அலமாரியைப் பார்த்தார். முறுக்கு வைக்கிற டின் மாதிரி ஒன்று இருந்தது. முறுக்கு டின்னேதான்.

"அந்த டின்ன கொட்டிட்டு இத அதுக்குள்ள போட்டிருந்தா நீங்க போன பெறகும் பிரச்சினை வந்திருக்காதே மேடம்" என்றார். குற்றம் சொல்லவில்லை, கேட்டார்.

அதற்குப் பதில் மாரீஸ்வரிக்குத் தெரியும். ரெண்டாவது டின்னை வைத்த நாளிலிருந்தே தெரியும். கொட்டி மாற்றியிருந்தால் தப்பே இல்லாமல் போயிருக்கும், அவளும் இல்லாமல் போயிருப்பாள். என்றைக்காவது ஒருநாள் யாராவது வந்து, என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள் என்றுதான் ரெண்டு டின்னாக வைத்திருந்தாள். கேட்க ஆள் வருவதற்குள் நாலு வருஷம் ஊர்க் காடுகள் கருகின. அவள் பெயரை அடித்தவர்களின் நல்ல பெயரை இத்தனை காலம் தூக்கிச் சுமந்ததும் அவள்தான், அதைப் போட்டு உடைத்ததும் அவள்தான். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. புத்தி வரல சார் என்று மட்டும் சொன்னாள்.

அவர் ஒரு யோசனை சொன்னார். விதையைப் பழைய இருப்பு என்று சொல்லி டின்னில் மாற்றிவிடலாம், காகிதத்தில் கை வைக்க வேண்டியதில்லை. புரட்டாசி விதைப்பு அன்று அவளைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்திக் கௌரவிக்கலாம். மாரீஸ்வரி, சால்வை ஏற்கெனவே மூன்று இருக்கிறது, இந்த ஊர் வெயிலுக்கு அதுவே அதிகம் என்றாள்.

"புத்தகத்துல ஒம்பதுன்னு திருத்துங்க. திருத்தினது யாரு, எண்ணுனது யாருன்னு எழுதுங்க. எழுதினா வெதைய தாரேன். இல்லாட்டி முறுக்கு வைக்க எனக்கு டின்னு வேணும்."

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று அரவிந்த்குமார் போனார். மேலே கேட்டால் எவ்வளவு நாளாகும் என்று முப்பத்து மூன்று வருஷ சர்வீஸ் உள்ளவளுக்குத் தெரியாதா? புரட்டாசி பிறந்தது. பதில் வரவில்லை. மழைக்கு முன்னால் விதை மண்ணுக்குள் போகாவிட்டால் அந்த வருஷம் போச்சு. விதைப்பு நாளுக்கு முந்தின நாள் மொக்கையன் போன் செய்தான்.

"ஆபீசரம்மா, கெழக்க மழை கருக்கிக்கிட்டு நிக்கிது. வெதைய வச்சுக்கிட்டு நீங்க ஒக்காந்திருந்தா அது குஞ்சா பொரிக்கும்?"

"ஒங்களுக்கென்னண்ணே. ஒங்க பேரையும்தான் அவுக எழுதல. ரோசம் வரலையா?"

"எம்பேரா? மொக்கையன்னு. எழுதாம விட்டாகளேன்னு நான் சந்தோசப்பட்டுக்கிட்டுத் திரியிறேன்."

மறுநாள் காலையில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு திருச்சுழி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். கறார் பேசி ஒரு மாசம்கூட ஆகவில்லை. இவ்வளவு பெரிய வீராப்புக்காரி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று தன்னையே வைதுகொண்டாள். ஆனால் பாலவனத்தத்துச் சம்சாரி எவனோ ஒருவன் கருகின கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது மனசில் வந்தால், வீராப்பு எங்கே நிற்கும்? சன்னலுக்கு வெளியே கரிசல் காடுகள் உழுது போட்டுக் காத்துக் கிடந்தன. முதல் நாள் வேலைக்குப் போனபோதும் இப்படித்தான் சன்னலோரம் பிடித்து உட்கார்ந்து போனாள். அறுபத்தைந்து வயதில் பஸ் படியேறத்தான் கொஞ்சம் மூட்டுவலி சேர்ந்திருந்தது.

பண்ணை விலக்கில், அவள் வருவாள் என்று தெரிந்தவன்போல, மொக்கையன் காத்திருந்தான். ரெண்டு பேரும் அந்த ஒரு மைலை நடந்தார்கள். ஆபீஸுக்கு டைல்ஸ் போட்டிருந்தார்கள். உலர்த்தும் பெட்டி புதுசு. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அதே நீளத் துண்டு. நாற்பது பாத்தி. கிழக்குக் கடைசியில் மேசை, தேங்காய், சூடத் தட்டு, சுண்டல் வாளி. பதினைந்து இருபது பேர் நின்றார்கள். அரவிந்த்குமார் அவளைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரு கடிதத்தைக் காட்டினார். முந்தின நாள் சாயங்காலம்தான் வந்ததாம். பாத்தி எண்ணைத் தொழில்நுட்பத் திருத்தமாகச் செய்துகொள்ளலாம், பெயர்கள் குறித்து இப்போது முடிவெடுக்க இயலாது என்று இருந்தது. அவர் முகம் வெளிறியிருந்தது. நீங்கள் விதையைத் தராமல் திரும்பிப் போனாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது மேடம் என்றார்.

மாரீஸ்வரி கடிதத்தை மடித்துக் கொடுத்தாள். டின்னைத் திறந்து ஒரு கை விதையை எடுத்தாள். சின்னச் சின்னதாக, சாம்பல் நிறத்தில், ஒன்றுமில்லாதது போல இருந்தது.

"பேரு கெடக்கட்டும். ஒண்ணாம் பாத்தி எங்க இருக்கு, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அரவிந்த்குமார் மேசையைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். அப்புறம் மேற்கே பார்த்தார். அன்று அவள் நின்ற இடத்தில் வேலிக்கருவை மரம் ஒன்று பெரிதாக வளர்ந்து நின்றது. சூடத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி மேற்கே நடக்க ஆரம்பித்தார். என்ன ஏதென்று தெரியாமல் தேங்காய்த் தட்டு அவர் பின்னால் போனது. மேசையை ரெண்டு பேர் தூக்கிக்கொண்டார்கள். பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதிகாரிகள், சேலையைச் செருகிக்கொண்டு களைக்காரப் பெண்கள், கடைசியில் சுண்டல் வாளி. நாற்பது பாத்தி தூரம், நல்ல வெயில். ரெண்டு பேர் முனகினார்கள். மொக்கையன் பின்னாலிருந்து, காளையை ஓட்டுகிற அதே குரலில், நட நட என்றான்.

மேற்குக் கடைசியில் சூடம் காட்டினார்கள். முதல் பிடி மாரீஸ்வரி தூவினாள். அரவிந்த்குமார் பழைய களப் புத்தகத்தைக் கொண்டுவரச் செய்திருந்தார். சிவப்பு மை மங்கிப் பழுப்பாகியிருந்தது. அதன் பக்கத்தில் தன் கையாலேயே, பாத்தி எண் மேற்கிலிருந்து, ஒன்பது என்று எழுதினார். இந்தப் புத்தகத்துக்கு நான்தான் அதிகாரி, இதற்கு மேலே கேட்க வேண்டியதில்லை என்றார். எண்ணியவர், தேர்ந்தெடுத்தவர் என்று எழுதி, கோடு போட்டு, பேனாவை அவளிடம் கொடுத்தார்.

அந்த மாதிரிப் புத்தகங்களை முப்பத்து மூன்று வருஷம் அவள் கைதான் நிரப்பியது. கையெழுத்து மட்டும் வேறு யாராவது போடுவார்கள். பேனா முனை தராசு முள் மாதிரி நடுங்கி நடுங்கி, கடைசியில் கோட்டில் வந்து நின்றது. முழுப் பெயரையும் எழுதினாள்.

பிறகு சுண்டல் வாளி முதலில் அவளிடம் வந்தது. காகிதத்தில் வாங்கி ஒரு வாய் போட்டாள். உப்பே இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக இதற்கா ஏங்கினோம் என்று சிரிப்பு வந்தது. பக்கத்தில் மொக்கையன் நல்லாருக்கா என்று கேட்டான்.

அதெல்லாம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, இன்னொரு கை வாங்கிக்கொண்டாள்.